ரூபாய் விழுந்தால் யார் தலையில் விழும்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. கடலூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி. அடுத்த செமஸ்டரில் பன்னாட்டுப் பொருளியல் தாள் வருகிறது. சீனியர்களிடம் நோட்ஸ் வாங்கிப் பார்த்தேன். வாங்கும் சக்திச் சமநிலை, நிலையான மாற்று வீதம், மிதக்கும் மாற்று வீதம் என்று வரையறைகளாகவே இருக்கின்றன. மனப்பாடம் செய்யலாம், மனதில் ஒட்டவில்லை. என் அப்பா துபாயில் வேலை பார்க்கிறார். ரூபாய் விழுந்தால் அவருக்குச் சந்தோஷம். "இன்னும் விழும், அப்புறம் அனுப்புகிறேன்" என்று ஆறு மாதமாகச் சேமிப்பை அங்கேயே வைத்திருக்கிறார். இங்கே அம்மாவின் நகை பேங்கில் அடமானத்தில் இருக்கிறது. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் பெரியப்பாவோ, ரூபாய் விழுந்தால் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இருவரில் யார் சொல்வது சரி? நண்பன் ஒருவன் மொபைல் ஆப்பில் ஃபாரெக்ஸ் டிரேடிங் செய்யக் கூப்பிடுகிறான், படிப்புக்கும் உதவும் என்கிறான். இந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? மேலே படிக்க என்னால் முடியுமா?

— ஒரு மாணவர், பரங்கிப்பேட்டை

பதில்:

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வதும் சரி, பெரியப்பா சொல்வதும் சரி. அப்பா வெளிநாட்டுப் பணத்தை விற்பவர், பெரியப்பா அதை வாங்குபவர். விலை ஏறினால் விற்பவருக்குக் கொண்டாட்டம், வாங்குபவருக்குத் திண்டாட்டம். உங்கள் நோட்ஸில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஒரு வரைபடம் இருக்குமே, அதில் அளிப்புக் கோட்டில் அப்பா இருக்கிறார், தேவைக் கோட்டில் பெரியப்பா இருக்கிறார். பரீட்சையில் அந்தப் படத்தை வரையும்போது இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், கோடு மாறிப் போகாது.

நாளைக்கு டாலர் என்ன விலை என்று சொல்லக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பாடம் என்று பலர் நினைத்துச் சேருகிறார்கள். அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மாற்று வீதம் அசையும்போது லாபமும் நட்டமும் யார் தலையில் போய் இறங்குகின்றன, அங்கே இறங்கும்படி ஏற்பாடு செய்தது யார் என்று கண்டுபிடிக்கத்தான் இதைப் படிக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியோடு உங்கள் நோட்ஸைத் திறந்தால் வரையறைகள் தாமாக ஒட்டிக்கொள்ளும்.

அப்பாவிடமிருந்தே தொடங்கலாம். அவருக்குச் சம்பளம் திர்ஹத்தில். பிறகு ஏன் டிவியில் டாலர் ஏறியது என்றதும் அவர் முகம் மலர்கிறது? ஐக்கிய அரபு அமீரகம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறது. டாலர் 83 ரூபாயாக இருந்தால் ஒரு திர்ஹம் 22 ரூபாய் 60 காசு. 90 ரூபாயானால் 24 ரூபாய் 50 காசு. நீங்களே வகுத்துப் பாருங்கள். சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75. கத்தார், பஹ்ரைன், ஓமன் நாணயங்களும் டாலரோடு கட்டப்பட்டவையே. குவைத் மட்டும் 2007இல் அந்தக் கட்டை அவிழ்த்து, பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடைக்கு மாறிக்கொண்டது. உங்கள் நோட்ஸில் இருக்கும் 'நிலையான மாற்று வீதம்' இதுதான். உங்கள் தெருவில் வாரம் ஒரு தடவை கைபேசியில் இந்த நாணயங்களின் விலையைப் பார்க்காத வீடு இருக்காது என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூர் வேறு ரகம். பெரும்பாலான நாடுகளின் மத்திய வங்கிகள் விலைவாசியைப் பிடிக்க வட்டியைக் கூட்டும், குறைக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டியை விட்டுவிட்டு மாற்று வீதத்தையே கையில் எடுத்துக்கொண்டது. தங்கள் டாலரை ஒரு நாணயக் கூடைக்கு எதிராக ஒரு பட்டைக்குள் ஏறவும் இறங்கவும் விடுகிறார்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டுக்குத் துபாய்ப் பணம், பக்கத்து வீட்டுக்குச் சிங்கப்பூர்ப் பணம் வருகிறது என்றால், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு மாற்று வீதக் கொள்கைகள் குடியிருக்கின்றன.

கட்டி வைப்பது சும்மா கிடைக்காது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை உயர்த்தத் தொடங்கி 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை கொண்டுபோனது. அமீரகமும் கூடவே உயர்த்தியது. அங்கே விலைவாசி எப்படி இருந்தாலும் அதற்கு வேறு வழி இல்லை. நாணயத்தைக் கட்ட வேண்டும், முதலீடு தடையில்லாமல் வந்துபோக வேண்டும், வட்டியையும் நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றாக நடக்காது. ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 1960களில் மண்டெலும் ஃபிளெமிங்கும் போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த இந்த முடிவை 'மும்முனைச் சிக்கல்' என்ற தலைப்பில் கேட்பார்கள். அமீரகம் வட்டியை விட்டுக்கொடுத்தது. சிங்கப்பூரும் வட்டியைத்தான் விட்டது. நாம் எதையும் முழுசாக விடாமல், முழுசாகப் பிடிக்காமல் நடுவில் நிற்கிறோம். ரிசர்வ் வங்கி குறிப்பிட்ட விலை எதையும் காப்பதில்லை என்று சொல்லும். ஆனால் ரூபாய் தடாலென்று சரியும் நாட்களில் டாலரை விற்றுக்கொண்டிருக்கும்.

இன்னொரு செய்தி, உங்கள் அப்பாவுக்கே ஆச்சரியமாக இருக்கலாம். ஒரு காலத்தில் வளைகுடாவில் புழங்கிய பணமே நம் ரூபாய்தான். தங்கக் கடத்தலுக்கு அது வழிசெய்கிறது என்று 1959இல் ரிசர்வ் வங்கி அந்தப் பகுதிக்கென்றே தனி நோட்டுகளை அச்சடித்தது. இந்தியாவுக்குள் அவை செல்லாது. 1966 ஜூன் 6 அன்று டெல்லி ரூபாயின் மதிப்பைக் குறைத்து, ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்ததை 7 ரூபாய் 50 காசாக்கியது. முடிவெடுத்தது டெல்லி, ஒரே நாளில் பை இளைத்தது அங்கே. அதுவரை ரூபாயை விடாமல் வைத்திருந்தவர்களும் சில ஆண்டுகளுக்குள் தங்கள் சொந்த நாணயத்துக்குப் போய்விட்டார்கள். இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு கணக்கு போடுங்கள். டாலர் எத்தனை சதவீதம் ஏறியது? 57.6. ரூபாய் எத்தனை சதவீதம் இறங்கியது? 36.5. ஒரே சம்பவம், இரண்டு விடை, இரண்டுமே சரி. எதை எதால் வகுக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். எம்.ஏ. நேர்முகத் தேர்வில்கூட இதில் சறுக்குகிறவர்கள் உண்டு.

இப்போது நகைக்கு வருகிறேன். பேங்கில் 3 லட்சம் ரூபாய் கடன், வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 15,000 ரூபாய் வட்டி, அதாவது 5 சதவீதம். அப்பாவின் திர்ஹம் அங்கே சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால், ஆறு மாதத்தில் அது 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் காத்திருந்ததில் லாபம். ஏறுமா? வங்கிகளுக்குள் ஆறு மாதம் கழித்துக் கொடுக்கப்போகும் டாலருக்கு இன்றைக்கே விலை பேசிக்கொள்வார்கள், முன்பேர விலை என்று பெயர். இன்றைய விலையைவிட அது எவ்வளவு கூடுதல் என்பதைப் பெரும்பாலும் இரு நாட்டு வட்டிகளுக்கும் உள்ள இடைவெளிதான் தீர்மானிக்கிறது. சில ஆண்டுகளாக அந்தக் கூடுதல் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம், ஆறு மாதத்துக்கு 1 சதவீதம். அப்பா 5 சதவீதம் செலவழித்து 1 சதவீதத்துக்குக் காத்திருக்கிறார். நோட்ஸில் இருக்கும் 'வட்டி வீதச் சமநிலை' என்ற பயமுறுத்தும் தலைப்புக்குள் இருப்பது இவ்வளவுதான்.

ரூபாய் உண்மையிலேயே தடாலென்று விழுந்தால் அப்பா ஜெயிப்பார்தான். 2022 ஜூலையில் 80, 2025 டிசம்பரில் 90 என்று போனதைப் பார்த்தவருக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் ரிச்சர்ட் மீஸும் கென்னத் ரோகாஃபும் 1983இல் ஒரு சோதனை செய்தார்கள். பொருளியல் வைத்திருந்த பெரிய பெரிய மாற்று வீத மாதிரிகளை எல்லாம் 'இன்றைய விலைதான் நாளையும்' என்ற சோம்பேறிக் கணிப்போடு மோதவிட்டார்கள். ஓராண்டுக்குள்ளான கணிப்பில் மாதிரிகளால் அந்தச் சோம்பேறியை ஜெயிக்க முடியவில்லை. எங்கள் துறைக்குக் கொஞ்சம் வெட்கமான முடிவு. அன்றிலிருந்து இன்றுவரை அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள், முழுப் பதில் கிடைக்கவில்லை. எனவே உங்கள் வீட்டில் நடப்பது ஊக வணிகம், அதற்கு முன்பணம் அம்மாவின் நகை. நகையை முதலில் மீட்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் வீட்டில் மரியாதையாக இருக்காது.

பெரியப்பாவின் பிரச்சினை இன்னும் சுவாரசியம். பண்ருட்டியின் முந்திரித் தொழிலுக்கு உள்ளூர்த் தோப்புகள் மட்டும் போதுவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வேறு உங்கள் மாவட்டத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. வைத்த கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும். ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை கப்பலில் வருகிறது, விலை டாலரில். ஒரு கன்டெய்னர் 20,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் 90 நாள் தவணையில் எல்.சி. (கடன் உறுதிக் கடிதம்) திறக்கிறார். அன்றைக்கு டாலர் 85 என்றால் அவர் மனக்கணக்கில் சரக்கு 17 லட்சம். பணம் கட்டும் நாளில் டாலர் 87 ஆகிவிட்டால் 17 லட்சத்து 40 ஆயிரம். கொட்டை அதே கொட்டை, 40,000 ரூபாய் காற்றில் போனது. பருப்பை அவர் விற்பது ரூபாயில், உள்நாட்டில். டாலர் மலிவாக இருந்தபோதே பணம் கட்டி முடித்த பக்கத்துக் கம்பெனிக்காரர் பழைய விலைக்கே கொடுக்கும்போது இவர் மட்டும் விலையைக் கூட்ட முடியாது.

இதற்கு மருந்து உண்டு. எல்.சி. திறக்கும்போதே பேங்கில் ஃபார்வர்டு போட்டு, 90ஆம் நாள் டாலர் விலையை இன்றே நிச்சயம் செய்துகொள்ளலாம். மேலே சொன்ன அதே முன்பேர விலைதான். செலவு டாலருக்குச் சில பத்துக் காசுகள். சிறிய வியாபாரிகள் பலர் இதைப் போடுவதில்லை. ஒருவேளை டாலர் இறங்கிவிட்டால் அந்த லாபம் போய்விடுமே என்ற நப்பாசை ஒன்று, பேங்கில் கேட்கும் லிமிட்டும் காகிதமும் இன்னொன்று. பெரியப்பா போடுகிறாரா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் ஏன் என்று கேட்டு எழுதி வையுங்கள். செமினாருக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

அதே கொட்டையை மறுமுனையில் பாருங்கள். ஐவரி கோஸ்ட் விவசாயிக்குக் கிடைப்பது சி.எஃப்.ஏ. ஃபிராங்க். அது யூரோவோடு கட்டப்பட்டது, ஒரு யூரோவுக்கு 655.957. டாலர் யூரோவுக்கு எதிராக ஏறினால் அவருக்கு மகிழ்ச்சி, பெரியப்பாவுக்குக் கவலை. ஒரு முந்திரிக்குள் யூரோ, டாலர், ரூபாய் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. இந்தச் சங்கிலியின் கடைசியில், கொட்டை உடைத்துத் தோல் உரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பருப்பின் எடைக்குக் கூலி. வியாபாரிக்குக் கை கடித்தால் அவர் அடுத்த கன்டெய்னரைத் தள்ளிப்போடுவார், அவர்களுக்கு அந்த வாரம் வேலை இருக்காது. டாலரைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அவர்கள். 'மாற்று வீத இடர்' பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் என்று இரண்டே பேரோடு நிறுத்தாதீர்கள்.

வீதத்தைக் கட்டிவைத்து அது தாங்காமல் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம், இலங்கை இருக்கிறது. 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை கொழும்பு மத்திய வங்கி டாலரைச் சுமார் 200 ரூபாயில் பிடித்து நிறுத்தியது. கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. வங்கியைத் தவிர்த்துப் பணம் கைமாற்றும் உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். வளைகுடாவில் உழைக்கும் இலங்கையர் வேறென்ன செய்வார்கள்? 2020இல் வங்கி வழியாக வந்த பணம் 710 கோடி டாலர், 2021இல் சுமார் 550 கோடி. உழைப்பு குறையவில்லை, பணம் வேறு வாசல் வழியாகப் போனது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டு மாதத்தில் டாலர் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைத்தார்கள். காஸ் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நின்ற வரிசைகளைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஒன்றரை ஆண்டை மட்டும் நன்றாகப் படித்தால் கையிருப்பு, கள்ளச் சந்தை, மதிப்பிறக்கம், பன்னாட்டு நிதியம் என நான்கு அத்தியாயங்கள் முடிந்துவிடும்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக்கும் இதில் பழைய அனுபவம் இருக்கிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690இல் மராத்தியரிடம் வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை ஆக்கியபோது இந்தக் கரையில் வரகன், பணம், காசு, ரூபாய் எல்லாம் கலந்து புழங்கின. பரங்கிப்பேட்டை வரகன் என்றே ஒரு நாணயம் வணிகர்களிடம் தனியாக அறியப்பட்டது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. கடைத்தெருவிலோ வேறு விலை, அதுவும் நாளுக்கு நாள் மாறும். புத்தக விலைக்கும் கடைத்தெரு விலைக்கும் நடுவில் நின்று, நாணயம் மாற்றும் சராப்புகள் சம்பாதித்தார்கள். 1818இல் மதராஸ் மாகாணம் ரூபாய்க்கு மாறிய பிறகுதான் இது ஓய்ந்தது. சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரும் கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் சமூகத்திலிருந்து வந்தவர். அந்நியச் செலாவணித் தொழிலுக்கென்றே 1937இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது.

சரி, எப்படிப் படிப்பது? பிளஸ் டூ பொருளியல் புத்தகத்தில் பன்னாட்டுப் பொருளியல் பகுதியைத் தமிழிலேயே இன்னொரு முறை வாசியுங்கள், கலைச்சொற்கள் கைக்கு வரும். பிறகு நூலகத்தில் டொமினிக் சால்வடோரின் புத்தகத்தை எடுங்கள், ஆங்கிலம் எளிது. அது பிடிபட்டதும் குருக்மன், ஆப்ஸ்ட்ஃபெல்ட் எழுதியது. அதில் மாற்று வீதத்தைச் சொத்தின் விலையாகப் பார்க்கும் அத்தியாயங்களை மட்டும் முதலில். முழுப் புத்தகத்தையும் வாசிக்கப்போகிறேன் என்று சபதம் எடுத்தவர்கள் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

புத்தகத்தோடு ஒரு நோட்டு போடுங்கள். வேலை நாட்களில் மதியம் வெளியாகும் டாலர் குறிப்பு வீதத்தை ஒரு பத்தியில் எழுதுங்கள். உங்கள் வங்கிக் கிளையில் அன்றைய ரேட் கார்டைக் கேட்டு, வாங்கும் விலை, விற்கும் விலை, நோட்டாக மாற்றினால் என்ன விலை என்று அடுத்த பத்திகளில். ஒரே நாளில் ஒரே டாலருக்கு நான்கு விலை இருப்பதைப் பார்ப்பீர்கள். பாடப் புத்தகம் ஒரே விலை என்று ஏன் நடிக்கிறது என்ற கேள்வி தானாக வரும். வெள்ளிக்கிழமைதோறும் ரிசர்வ் வங்கி வெளியிடும் கையிருப்புக் கணக்கையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் செலுத்து நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கில் நாம் வாங்குவது அதிகம், விற்பது குறைவு. அந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை மென்பொருள் சேவையும், உங்கள் அப்பா போன்றவர்கள் அனுப்பும் பணமும் நிரப்புகின்றன. உலக வங்கிக் கணக்குப்படி 2024இல் இந்தியாவுக்கு இப்படி வந்தது சுமார் 12,900 கோடி டாலர். ரிசர்வ் வங்கியின் 2023–24 ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம்.

நண்பனின் ஆப் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. வேண்டாம். வெளிநாட்டுத் தளங்களில் மார்ஜின் கட்டி நாணய வியாபாரம் செய்ய இந்தியாவில் குடியிருப்பவருக்கு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இடம் தருவதில்லை. அனுமதி பெறாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது, அதில் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒன்று நல்ல ஆப் ஆகிவிடாது. பங்குச் சந்தைகளில் சட்டப்படி நாணய முன்பேரம் 2008 முதல் உண்டு. ஆனால் ரூபாய் சம்பந்தப்பட்ட முன்பேரம் உண்மையான டாலர் வரவோ செலவோ உள்ளவருக்குத்தான் என்று 2024இல் ரிசர்வ் வங்கி அழுத்திச் சொல்லிவிட்டது. உங்கள் பெரியப்பாவுக்கு அது பொருந்தும், உங்கள் நண்பனுக்குப் பொருந்தாது. படிப்புக்கு உதவும் என்கிறானே, மீஸ்–ரோகாஃப் கதையை அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

மேற்படிப்பு முடியுமா என்று கேட்டீர்கள். தமிழ்வழி ஒரு தடையே இல்லை. தடை கணக்கு. பி.ஏ.வில் கணக்கைத் தொடாமல் வந்துவிட்டு எம்.ஏ. நுழைவுத் தேர்வில் திணறுபவர்களே அதிகம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போக நினைத்தால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், சென்னைப் பொருளியல் பள்ளி, ரிசர்வ் வங்கி நிறுவிய மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம் ஆகியவற்றுக்கு முயலுங்கள். முதல் இரண்டுக்கும் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. வேலைதான் முதலில் வேண்டும் என்றால் வங்கித் தேர்வு எழுதி உள்ளே போய், அந்நியச் செலாவணிப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். இந்திய வங்கியியல் நிதியியல் நிறுவனம் அதற்கென்றே ஒரு சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. எந்த வழியில் போனாலும் மடக்கை, வகையீடு, நிகழ்தகவு மூன்றும் வேண்டும். பதினோராம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகம் தமிழிலேயே கிடைக்கும், செமஸ்டர் தொடங்குவதற்குள் அதன் பயிற்சிக் கணக்குகளை வரிசையாகப் போட்டு முடியுங்கள்.